கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சரையும் ஓஎஸ்ஸையும் எப்படிச் சேர்த்துப் படிப்பது?

தக்கலைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் சிஎஸ்இ இரண்டாம் ஆண்டு படிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். போன செமஸ்டரில் கம்ப்யூட்டர் ஆர்கனைசேஷன் பேப்பரை எப்படியோ தாண்டியாச்சு, இப்போது ஓஎஸ் (ஆப்பரேட்டிங் சிஸ்டம்) ஓடுகிறது, இரண்டுமே மனப்பாடத்தில்தான் நிற்கிறது, எந்தப் புத்தகம், எந்த வீடியோ பார்க்கலாம், ஏஐ காலத்தில் இதற்கு நேரம் செலவழிப்பது வீணா என்பது உங்கள் கேள்வி. புத்தகமும் வீடியோவும் கடைசியில் பார்ப்போம். நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: பேஜ் டேபிள் (புரோகிராமின் விர்ச்சுவல் முகவரி ரேமில் எந்த பிசிகல் முகவரி என்று சொல்லும் அட்டவணை) படம் வரைந்து 13 மார்க் வாங்கிவிடுவேன், ஆனால் அந்த டேபிள் மெஷினுக்குள்ளே எங்கே இருக்கிறது என்று கேட்டால் முழிப்பேன். உண்மையான கேள்வி அதாக்கும். அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மற்றதற்கெல்லாம் பாதி பதில் கிடைத்த மாதிரி.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நம்ம மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் சில வருஷம் இந்த இரண்டு பேப்பரையும் நடத்திவிட்டு, அப்புறம் திருவனந்தபுரத்தில் எம்பெடட் மென்பொருள் வேலைக்குப் போனவன் நான். கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி), டிவைஸ் டிரைவர் பக்கம் கை பழகியிருக்கிறது. சிப் வடிவமைப்பு என் துறை இல்லை. அதனால் ஓஎஸ் பற்றிச் சொல்வதை உறுதியாகவும், ப்ராசஸருக்கு உள்ளே நடப்பதைப் பற்றிச் சொல்வதை ஒரு மென்பொருள்காரனின் பார்வையாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, பேஜ் டேபிள் எங்கே இருக்கிறது? ரேமில். தனி சிப் எதிலும் இல்லை. உங்கள் அரே எந்த ரேமில் இருக்கிறதோ அதே ரேமில், கெர்னல் ஒதுக்கிய சில பக்கங்களில் சாதாரண எண்களாக இருக்கிறது. அது தொடங்கும் இடத்தின் முகவரி மட்டும் ப்ராசஸரில் ஒரு ரெஜிஸ்டரில் இருக்கும். ரிஸ்க்-ஃபைவ் என்ற ப்ராசஸர் வகையில் அதற்குப் பெயர் எஸ்ஏடிபி, இன்டெல் பக்கம் சிஆர்3. டேபிளை எழுதுவது கெர்னல், வாசிப்பது ஹார்டுவேர். ஒருவர் எழுதி இன்னொருவர் வாசிக்கும் இந்த இடத்தில்தான் இரண்டு பேப்பரும் சந்திக்கின்றன. ஆனால் ஓஎஸ் வகுப்பில் டேபிளை வரைவோம், ஆர்கனைசேஷன் வகுப்பில் டிஎல்பியை (அண்மையில் மொழிபெயர்த்த முகவரிகளை ப்ராசஸர் குறித்துவைக்கும் சின்ன நினைவகம்) வரைவோம். இரண்டையும் ஒரே படத்தில் யாரும் வரைந்து காட்டுவதில்லை.

இதில் உங்கள் தவறு அதிகமில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் டிஜிட்டல் சர்க்யூட்டும் கம்ப்யூட்டர் ஆர்கனைசேஷனும் ஒரே பேப்பராக வந்துவிட்டன. ஐந்து யூனிட்டில் முதல் இரண்டு கேட்டுக்கும் ஃபிளிப்ஃபிளாப்புக்கும் போய்விடுகின்றன. ப்ராசஸர், மெமரி, ஐஓ எல்லாம் மீதி மூன்றில் நெருக்கியடித்து உட்கார வேண்டும். விர்ச்சுவல் மெமரிக்கு வரும்போது செமஸ்டரே முடியும் தருவாயில் இருக்கும். அடுத்த செமஸ்டரில் ஓஎஸ் எடுப்பவர், ‘அதெல்லாம் போன செமஸ்டரில் பார்த்திருப்பீர்கள்’ என்று தாண்டிப் போவார்.

அதனால் என் யோசனை ஒன்றுதான். யூனிட் வாரியாகப் படிப்பதைக் கொஞ்சம் ஓரம் வைத்துவிட்டு, ஒரே ஒரு சம்பவத்தைப் பிடித்துக்கொண்டு ஹார்டுவேரிலிருந்து கெர்னலுக்குப் போய்த் திரும்பி வரும்வரை விடாமல் பின்தொடருங்கள். எந்தச் சம்பவம் என்று கேட்டால் பேஜ் ஃபால்ட் என்பேன், அதாவது கேட்ட பக்கம் ரேமில் தயாராக இல்லாமல் ப்ராசஸர் இடறுவது.

ஒரு சி புரோகிராமில், நினைவகம் கேட்கும் மேலாக் மூலம் 1 ஜிபி கேட்கிறீர்கள். லினக்ஸ் உடனே ஒரு முகவரியைக் கொடுத்துவிடும். டாப் கட்டளையில் பார்த்தால் ‘விர்ட்’ என்ற பத்தியில் 1 ஜிபி ஏறியிருக்கும், ‘ரெஸ்’ என்ற பத்தியில் ஏறியிருக்காது. கெர்னல் வாக்குத்தான் கொடுத்திருக்கிறது, ரேமை இன்னும் கொடுக்கவில்லை. இப்போது அந்த இடத்தில் முதல் பைட்டை எழுதுகிறீர்கள். ப்ராசஸர் டிஎல்பியில் தேடுகிறது, இல்லை. ரேமில் இருக்கும் பேஜ் டேபிளைத் தானே நடந்து வாசிக்கிறது, அங்கே வேலிட் பிட் 0, அதாவது இந்தப் பக்கத்துக்கு இன்னும் இடம் ஒதுக்கவில்லை. அதற்கு மேல் அதற்கு வழி தெரியாது. ரிஸ்க்-ஃபைவ் ப்ராசஸராக இருந்தால், இடறிய கட்டளையின் முகவரியை எஸ்இபிசி என்ற ரெஜிஸ்டரிலும், எழுதப் போன முகவரியை எஸ்டிவேலிலும், காரணமாக 15 என்ற எண்ணை எஸ்காஸிலும் குறித்துவைத்துவிட்டு, கெர்னலுக்கான அதிகார நிலையான சூப்பர்வைசர் நிலைக்கு மாறி, கெர்னல் முன்பே சொல்லிவைத்த இடத்துக்குத் தாவும். இதுவரை நடந்தது முழுக்க ஹார்டுவேர்.

இனிமேல் கெர்னல். இந்த முகவரி நாம் வாக்குக் கொடுத்ததுதானா என்று சரிபார்க்கிறது. இல்லையென்றால் செக்மென்டேஷன் ஃபால்ட், உங்கள் புரோகிராம் காலி. ஆமென்றால் காலியான ஃபிரேம் (ரேமில் ஒரு பேஜ் அளவு இடம்) ஒன்றை எடுத்து, அதில் வேறொரு ப்ராசஸின் மிச்சம் மீதி இல்லாதபடி பூஜ்ஜியத்தால் நிரப்பி, பேஜ் டேபிளில் எழுதிவிட்டுத் திரும்புகிறது. இடறிய அதே கட்டளை மறுபடி ஓடுகிறது, இந்தத் தடவை நடந்துவிடுகிறது. நடுவில் இவ்வளவு நடந்தது உங்கள் புரோகிராமுக்குத் தெரியவே தெரியாது. அப்படித் தெரியாமல் இருக்க வேண்டுமென்றால், இடறிய கட்டளைக்கு முந்தியவை எல்லாம் முடிந்திருக்க வேண்டும், பிந்தியவை எதுவும் நடந்ததாகத் தடயம் இருக்கக்கூடாது. பைப்லைன் பாடத்தில் எக்ஸெப்ஷன் பற்றி இரண்டு பக்கம் வருமே, பாதிப் பேர் சாய்ஸில் விட்டுவிடுவது, அது இதற்காகத்தான்.

புரோகிராம் கெர்னலிடம் வேலை கேட்கும் சிஸ்டம் காலும் இதே வாசல் வழியாகத்தான் போகிறது. ஈகால் என்ற கட்டளை ஓடும், எஸ்காஸில் 15-க்குப் பதில் 8 இருக்கும். திரும்பும்போது மட்டும் ஒரு வித்தியாசம்: சிஸ்டம் காலில் கெர்னல் எஸ்இபிசியுடன் 4 கூட்டுகிறது, பேஜ் ஃபால்ட்டில் கூட்டுவதில்லை. ஈகால் 4 பைட் நீளமுள்ள கட்டளை. கூட்டாமல் திரும்பினால் அதே ஈகால் மறுபடி ஓடி, மறுபடி கெர்னலுக்குள் வந்து, விடிய விடியச் சுற்றிக்கொண்டிருக்கும். பேஜ் ஃபால்ட்டில் கூட்டினால் எழுத வேண்டிய பைட் எழுதப்படாமலே புரோகிராம் முன்னே போய்விடும். இந்த ஒரு 4-ஐ ஏன் இங்கே கூட்ட வேண்டும், அங்கே கூட்டக்கூடாது என்று ஒருவர் தானாக விளக்கிவிட்டால், அவருக்கு டிராப், அதாவது கெர்னலுக்குள் போகும் இந்த வாசல், புரிந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொள்வேன். வைவாவிலும் இதைத்தான் கேட்பேன்.

ப்ராசஸ்களுக்கு முறைவைத்து நேரம் கொடுக்கும் ரவுண்ட் ராபின் கணக்கில் டைம் குவாண்டம் (ஒரு முறைக்கான நேரம்) 4 என்று போட்டு கான்ட் சார்ட் வரைகிறீர்கள் அல்லவா, அந்த 4 முடிந்ததைக் கெர்னலுக்கு யார் போய்ச் சொல்வது? அந்த நேரத்தில் ப்ராசஸரில் ஓடிக்கொண்டிருப்பது உங்கள் புரோகிராம், கெர்னல் இல்லை. டைமர் இன்டரப்ட் வந்துதான் கெர்னலை எழுப்ப வேண்டும். அதுவும் அதே வாசல். வாசல் ஒன்று, வருகிறவர்கள் மூன்று வகை. இதைப் பிடித்துக்கொண்டால் ஓஎஸ் சிலபஸில் பாதி தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்வதைவிடக் கண்ணால் பார்ப்பது நல்லது. எம்ஐடியில் பாடம் நடத்துவதற்கென்றே எழுதிய எக்ஸ்வி6 என்ற சின்ன ஓஎஸ் இருக்கிறது. 1975-இல் வந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பை அடியொற்றியது, மூல நிரல் இலவசம், கெர்னல் மொத்தமும் பத்தாயிரம் வரிக்குள் அடங்கும். இப்போதைய வடிவம் ரிஸ்க்-ஃபைவுக்கானது, க்யூஎம்யூ என்ற எமுலேட்டரில் ஓடும். பெரிய மெஷின் வேண்டாம். எக்ஸ்வி6 ஓட 128 எம்பி ரேம் போதும், அதனால் அரசு கொடுத்த பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டாலே காரியம் நடக்கும். அதில் டிராப்.சி என்ற ஃபைலைத் திறந்தால் நான் மேலே சொன்ன 8-உம், அந்த 4 கூட்டும் வரியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அங்கே எஸ்காஸை அச்சிடும் ஒரு வரி சேர்த்து மறுபடி கம்பைல் செய்யுங்கள். ஷெல்லில் ஒரு கட்டளை அடித்ததும் திரையில் 8 8 8 என்று கொட்டும். அப்புறம் சொந்தமாக ஒரு சிஸ்டம் கால் சேர்க்கப் பாருங்கள். நாலைந்து ஃபைலில் கை வைக்க வேண்டியிருக்கும். எந்த ஃபைலில் எதற்காக என்பதுதான் பாடமே.

ஆர்கனைசேஷன் பேப்பரில் உங்களைப் படுத்தியெடுத்த கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்ன, வேகமான நினைவகம்) கணக்குக்கு வருகிறேன். 32 கேபி கேஷ், 64 பைட் லைன், 8-வே என்று கேள்வி வரும். 32768-ஐ 64-ஆல் வகுத்தால் 512 லைன், அதை 8-ஆல் வகுத்தால் 64 செட். ஆஃப்செட்டுக்கு 6 பிட், இண்டெக்ஸுக்கு 6 பிட் என்று எழுதி மார்க்கை வாங்கிக்கொண்டு போய்விடுவோம். அந்த 6-ஐயும் 6-ஐயும் கூட்டிப் பாருங்கள், 12. ஓஎஸ் பேப்பரில் 4 கேபி பேஜுக்கு ஆஃப்செட் எத்தனை பிட்? அதுவும் 12. இது தற்செயல் இல்லை. விர்ச்சுவல் முகவரி பிசிகல் முகவரியாக மாறும்போது கடைசி 12 பிட் மாறுவதே இல்லை. அதனால் டிஎல்பி மேல் பிட்களை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும்போதே, மாறாத இந்த 12 பிட்டை வைத்து ப்ராசஸர் கேஷில் செட்டைத் தேடிப் போய்விடலாம். இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் நடக்கும். இன்டெல் பல வருஷம் எல்1 டேட்டா கேஷை 32 கேபி, 8-வே என்றே வைத்திருந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். பின்னால் 48 கேபி ஆக்கியபோது 12-வே ஆக்கினார்கள், வகுத்துப் பார்த்தால் செட் அதே 64. இப்படி ஓஎஸ் பேப்பரில் வரும் பேஜ் அளவு, ஆர்கனைசேஷன் பேப்பரில் வரும் கேஷ் அளவைக் கட்டிப்போட்டிருக்கிறது.

எதிர்த் திசையிலும் இது நடக்கும். இரண்டு ப்ராசஸ் ஒரே நேரத்தில் ஒரு பொது இடத்துக்குள் நுழையாமல் தடுக்கும் பீட்டர்சன் தீர்வை எழுதி, மியூச்சுவல் எக்ஸ்க்ளூஷன் உண்டு, புரோகிரஸ் உண்டு, பவுண்டட் வெயிட்டிங் உண்டு என்று நிரூபித்துவிடுவீர்கள். நிரூபணத்தில் பிழை இல்லை. ஆனால் அதை அப்படியே சி-யில் இரண்டு த்ரெடாக எழுதி, ஒவ்வொன்றும் ஒரு எண்ணைப் பத்து லட்சம் தடவை கூட்டும்படி விட்டால், கடைசியில் இருபது லட்சத்துக்குக் குறைவாக வர வாய்ப்பு உண்டு. வேரியபிளுக்கு முன்னால் வோலடைல் போட்டாலும் இந்த வாய்ப்பு போகாது. காரணம், ப்ராசஸர் எழுதியதை முதலில் ஸ்டோர் பஃபரில் வைத்துவிட்டு, அது மற்ற கோர்களுக்குத் தெரிவதற்கு முன்பே அடுத்த வாசிப்பைச் செய்துவிடும். ‘நான் உள்ளே வர விரும்புகிறேன்’ என்று நீங்கள் எழுதிய கொடி எதிராளிக்குத் தெரியுமுன் நீங்கள் அவர் கொடியை வாசித்துவிடுகிறீர்கள், அவரும் அதையே செய்கிறார், இரண்டு பேரும் உள்ளே. எழுதியது மற்றவருக்குத் தெரிந்த பிறகே அடுத்த வாசிப்பு என்று கட்டாயப்படுத்தும் ஃபென்ஸ் கட்டளை ஒன்றை நடுவில் போட்டால் சரியாகும். இந்த விளக்கம் ஓஎஸ் சிலபஸில் கிடைக்காது, மெமரி கன்சிஸ்டன்சி என்ற தலைப்பில் ஆர்க்கிடெக்சர் பக்கம்தான் கிடைக்கும்.

வீட்டிலேயே செய்ய இன்னும் இரண்டு சோதனை. முதலாவது, பிரிண்ட்எஃபில் ஒரு சொல்லை நியூலைன் இல்லாமல் அச்சிட்டுவிட்டு அடுத்த வரியில் ஃபோர்க் போடுங்கள். அந்தச் சொல் இரண்டு தடவை வரும். நியூலைன் சேர்த்தால் திரையில் ஒரு தடவைதான் வரும். அதே புரோகிராமின் வெளியீட்டை ஒரு ஃபைலுக்குத் திருப்பிவிடுங்கள், நியூலைன் இருந்தும் இரண்டு தடவை! சொல் அச்சாகாமல் ப்ராசஸின் சொந்த பஃபரில் உட்கார்ந்திருக்கும்போது ஃபோர்க் மொத்த முகவரி வெளியையும் நகலெடுக்கிறது, பஃபரும் சேர்ந்து நகலாகிவிடுகிறது. திரைக்குப் போகும்போது நியூலைன் வந்ததும் பஃபர் காலியாகும், ஃபைலுக்குப் போகும்போது நிரம்பினால்தான் காலியாகும். மூன்று ஃபோர்க் போட்டால் எட்டு ப்ராசஸ் என்று மனப்பாடம் செய்வதைவிட இந்த ஒரு விஷயம் அதிகம் சொல்லித்தரும். ஸ்ட்ரேஸ் என்ற கருவியோடு ஓட்டினால் ரைட் சிஸ்டம் கால் எப்போது போகிறது என்று வரிவரியாகக் காட்டும்.

இரண்டாவது, 4096-க்கு 4096 இன்டிஜர் மேட்ரிக்ஸ் ஒன்றை வரிசை வரிசையாகக் கூட்டுங்கள், பிறகு பத்தி பத்தியாகக் கூட்டுங்கள், இரண்டுக்கும் நேரம் எடுங்கள். வரிசையாகப் போனால் ஒரு கேஷ் லைனில் 16 எண் வந்துவிடும். பத்தியாகப் போனால் ஒவ்வொரு அடிக்கும் 16 கேபி தாவ வேண்டும், புது லைன் மட்டுமில்லை, புது பேஜும்கூட. எத்தனை மடங்கு வித்தியாசம் என்பது மெஷினுக்கு மெஷின் மாறும், உங்கள் எண்ணை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்டிமைசேஷன் போடாமல் கம்பைல் செய்யுங்கள். போட்டால் கம்பைலரே லூப்பை மாற்றிப்போட்டுவிடக்கூடும்.

வேகங்களைப் பற்றி ஒரு மனக்கணக்கும் வேண்டும். 3 கிகாஹெர்ட்ஸ் ப்ராசஸரின் ஒரு கிளாக்கை ஒரு வினாடி என்று வைத்தால், எல்1 கேஷ் ஏறக்குறைய நாலு வினாடி, ரேம் ஐந்து நிமிஷம் வரை, பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் கிட்டத்தட்ட ஒரு வருஷம். தோராயமான எண்கள்தான், ஆனால் படிநிலை மாறாது. ரேமுக்காக ப்ராசஸர் அங்கேயே காத்து நிற்கிறது, டிஸ்க்குக்காகக் கெர்னல் வேறு ப்ராசஸுக்கு மாறிவிடுகிறது. ஏன் அப்படி என்று தனியாகப் படிக்க வேண்டியதில்லை. ஐந்து நிமிஷத்துக்காக யாரும் கடையைப் பூட்டிவிட்டுப் போகமாட்டார்கள்.

பரீட்சையை நான் மறக்கவில்லை. இரண்டு மார்க்கில் பத்து, 13 மார்க்கில் ஐந்து, 15 மார்க்கில் ஒன்று என்ற அமைப்பில் மனப்பாடம் ஓரளவு வேண்டும்தான், டெட்லாக்கின் நான்கு நிபந்தனைகள் மாதிரி. ஷெட்யூலிங், பேங்கர்ஸ் அல்காரிதம், பேஜ் ரிப்ளேஸ்மென்ட் எல்லாம் கை ஓட்டம், கணக்கு போட்டுப் போட்டுத்தான் வரும். முதலில் வந்த பேஜை முதலில் வெளியேற்றும் ஃபிஃபோவில் 1 2 3 4 1 2 5 1 2 3 4 5 என்ற வரிசைக்கு மூன்று ஃபிரேம் கொடுத்தால் 9 ஃபால்ட், நான்கு கொடுத்தால் 10, ஃபிரேம் கூடியும் ஃபால்ட் குறையவில்லை. இதை ஒரு தடவை கையால் போடுங்கள், அப்புறம் இருபது வரி சி-யில் எழுதி ஓட்டுங்கள். பரீட்சைக்கு முந்தின வாரம் சோதனை, கீதனை என்று இறங்க வேண்டாம். பழைய வினாத்தாள் போதும்.

புத்தகம் எது என்றால், சிலபஸில் போட்டிருப்பது மோசமில்லை, அதையே வாசியுங்கள். வீடியோவுக்கு என்பிடெல் என்ற இணையதளத்தில் ஐஐடி ஆசிரியர்களின் முழுப் பாடங்கள் இலவசமாக இருக்கின்றன. ஒன்றைத் தேர்ந்தெடுத்து முடியுங்கள். ஐந்து பிளேலிஸ்டின் முதல் மூன்று வீடியோவை மட்டும் பார்த்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வேலை, ஏஐ பற்றி. உறுதியாகச் சொல்ல முடிவது: எம்.டெக் சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வின் சிஎஸ் தாளில் இரண்டு பாடமும் உண்டு. என் அனுபவத்தை மட்டும் வைத்துச் சொல்வது: கேம்பஸுக்கு மொத்தமாக ஆள் எடுக்க வரும் சர்வீஸ் கம்பெனிகள் இதை ஆழமாகக் கேட்பதில்லை. எம்பெடட், கெர்னல், சிப் சார்ந்த வேலைக்கு இதுதான் நேர்காணலே. அப்படிப்பட்ட வேலை பெங்களூரில்தான் என்று நினைக்க வேண்டாம், குழித்துறையில் ரயில் ஏறினால் திருவனந்தபுரம் பக்கம்தான். அங்கே மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் ‘வேகா’ என்ற பெயரில் ரிஸ்க்-ஃபைவ் ப்ராசஸர்களை வடிவமைத்திருக்கிறது, அதை வைத்து ஏரீஸ் என்ற போர்டும் வந்திருக்கிறது. அந்தச் சின்ன போர்டில் எக்ஸ்வி6 ஓடாது, ஆனால் டைமரும் இன்டரப்டும் நிஜ ஹார்டுவேரில் பழக நல்லது, புராஜெக்டுக்கும் ஆகும். சென்னை ஐஐடியின் சக்தி ப்ராசஸரும் ரிஸ்க்-ஃபைவ்தான். எக்ஸ்வி6-இல் நீங்கள் கற்கும் எஸ்இபிசியும் எஸ்காஸும் மியூசியச் சரக்கு இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஏஐ வந்ததால் இந்தப் பாடம் செத்துவிட்டதா என்பதற்கு ஒரு தகவல். பெரிய மொழி மாதிரிகளை ஓட்டும்போது ஜிபியு நினைவகம் துண்டு துண்டாக வீணாகிறது என்பது பெரிய தலைவலியாக இருந்தது. 2023-இல் பெர்க்லியிலிருந்து வந்த பேஜ்டு அட்டென்ஷன் என்ற முறை அதற்குக் கண்ட வழி, ஓஎஸ்ஸின் பேஜிங்தான்: நினைவகத்தை ஒரே அளவுத் துண்டுகளாக்கி, எது எங்கே இருக்கிறது என்று ஒரு டேபிள் வைத்துக்கொள்வது. இன்று பல இடங்களில் ஓடும் விஎல்எல்எம் என்ற மென்பொருள் அதில் பிறந்ததுதான். பத்து வருஷம் கழித்து வேலைச் சந்தை எப்படி இருக்கும் என்று கேட்டால் என் ஊகத்துக்கும் உங்கள் ஊகத்துக்கும் ஒரே மதிப்புத்தான்.

இந்த செமஸ்டரில் மீதி நேரம் குறைவாக இருந்தால் முதலில் மேலாக் சோதனையும் ஃபோர்க் சோதனையும் செய்யுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும். எக்ஸ்வி6-ஐ லீவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸை அழிக்க வீட்டில் விடமாட்டார்கள் என்றால் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதி) போட்டு அதற்குள் உபுண்டு நிறுவினாலும் இதெல்லாம் ஓடும். டூல்செயின் (கம்பைலர் முதலான கருவிகள்) நிறுவும்போது பிழை வந்தால் ‘ஓடவில்லை சார்’ என்று மட்டும் எழுதாமல், திரையில் வந்த செய்தியை முழுசாகப் போட்டுக் கேளுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.